சீமென்ஸும் ஆல்ஸ்டமும் ஏன் சேரவில்லை? ஐரோப்பாவின் போட்டிக் கொள்கையும் தொழிற்கொள்கையும்

ஜெர்மனியின் சீமென்ஸ் தன் ரயில் பிரிவை பிரான்ஸின் ஆல்ஸ்டமோடு இணைக்கப் போவதாக 2017 செப்டம்பரில் அறிவித்தது. பிரான்ஸின் டிஜிவி அதிவேக ரயில்களைக் கட்டியது ஆல்ஸ்டம். ஜெர்மனியின் ஐசிஇ ரயில்களில் பெரும்பங்கு சீமென்ஸுக்கு. சென்னைவாசிகளுக்கும் இந்த இரண்டு பெயர்கள் புதிதல்ல. நம் மெட்ரோவின் முதல் கட்ட ரயில்கள் ஆல்ஸ்டம் செய்தவை, அவற்றுக்கான சிக்னல் அமைப்பு சீமென்ஸ் போட்டது. இணைப்புக்கு பாரிஸ் சரி என்றது, பெர்லினும் சரி என்றது. ஆனால் 2019 பிப்ரவரி 6 அன்று பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் கூடாது என்றது. திட்டம் அன்றோடு கைவிடப்பட்டது.

ஒன்றியத்தின் மிகப் பெரிய பொருளாதாரங்களில் இரண்டு சேர்ந்து கேட்டும் நடக்கவில்லை. இப்படித் தடுக்கும் அதிகாரம் பிரஸ்ஸல்ஸுக்கு எங்கிருந்து வந்தது? அதை எதற்காக வைத்திருக்கிறது? இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் பேட்டரி, சிப், மின்சாரக் கார், செயற்கைக்கோள் என்று இன்று ஐரோப்பாவில் நடக்கும் தொழில் விவாதங்களில் பாதி புரிந்துவிடும்.

எது எந்தக் கொள்கை

தொழிற்கொள்கை என்பது, தனக்கு எந்தத் தொழில் வேண்டும் என்று ஒரு நாடு முடிவுசெய்து அதை வளர்த்தெடுக்க முயல்வது. மானியம், சலுகை வட்டிக் கடன், வரிச்சலுகை, அரசுக் கொள்முதலில் முன்னுரிமை எல்லாம் இதில் வரும். சில நேரம் அரசே இரண்டு மூன்று கம்பெனிகளைக் கூப்பிட்டு, ஒன்றாகிவிடுங்கள் என்று சொல்வதும் உண்டு. ஐரோப்பாவில் எல்லோரும் எடுத்துக்காட்டும் வெற்றிக் கதை ஏர்பஸ். 1970இல் பிரான்ஸும் ஜெர்மனியும் தொடங்கிய கூட்டு முயற்சி அது. பிறகு ஸ்பெயினும் பிரிட்டனும் சேர்ந்தன. புது விமானம் உருவாக்க அரசுகள் கடன் கொடுத்தன, விமானம் விற்க விற்கத் திருப்பிக் கட்டினால் போதும் என்ற ஏற்பாட்டில். இன்று பெரிய பயணிகள் விமானச் சந்தையில் போயிங்குக்கு ஈடுகொடுத்து நிற்பது ஏர்பஸ்தான்.

ஆனால் ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்ஸும் பிரிட்டனும் கான்கார்டிலும் பணத்தைக் கொட்டின. மொத்தமே 20 விமானங்கள்தான் கட்டப்பட்டன. ஏர் பிரான்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் இரண்டைத் தவிர யாரும் வாங்கவில்லை. தொழிற்கொள்கையைப் பற்றிப் பேசுகிறவர் இந்த இரண்டு கதைகளில் ஒன்றை மட்டும் சொன்னால் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கேட்பது நல்லது.

போட்டிக் கொள்கை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. எந்தக் கம்பெனி ஜெயிக்க வேண்டும் என்று அது சொல்வதில்லை. தரத்தாலும் விலையாலும் ஜெயிக்கட்டும், மற்றவர்களை உள்ளே விடாமல் கதவை அடைத்து ஜெயிக்க வேண்டாம் என்பதே அதன் அக்கறை. ஐரோப்பியச் சட்டத்தில் இதற்கு நான்கு கிளைகள். கம்பெனிகள் ரகசியமாகக் கூடி விலை பேசிக்கொள்வதைத் தண்டிப்பது ஒன்று. ஐந்து லாரி நிறுவனங்கள் 14 ஆண்டுகள் அப்படிக் கூட்டுச் சேர்ந்திருந்தது தெரியவந்து, 2016இல் 293 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. துப்புக் கொடுத்த மேன் நிறுவனம் தப்பித்தது, மற்ற நான்கும் கட்டின. சந்தையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் அந்தப் பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுப்பது இரண்டாவது. கூகுள் மீது போட்ட அபராதங்கள் இந்த வகை. கம்பெனிகள் இணையும் முன்பே அதை ஆராய்ந்து அனுமதிப்பதோ மறுப்பதோ மூன்றாவது.

நான்காவதுதான் ஐரோப்பாவுக்கே உரியது. உறுப்பு நாடுகளின் அரசுகள் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் உதவியையும் ஆணையம் கட்டுப்படுத்துகிறது. ஒன்றிய ஒப்பந்தத்தின் 107ஆம் பிரிவின்படி, நாடுகளுக்கு இடையிலான வணிகத்தைப் பாதித்து, சில நிறுவனங்களுக்கு மட்டும் சாதகமாகிப் போட்டியைக் கெடுக்கும் அரசு உதவி அடிப்படையில் கூடாது. விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு முன்கூட்டியே பிரஸ்ஸல்ஸிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வரும்வரை பணத்தை விடுவிக்கக் கூடாது. அனுமதியில்லாமல் கொடுத்தால் வட்டியோடு திரும்ப வசூலிக்கச் சொல்வார்கள். அயர்லாந்து ஆப்பிளுக்குக் கொடுத்த வரிச்சலுகையும் மறைமுக உதவிதான் என்று 2016இல் ஆணையம் முடிவுசெய்தது. எட்டு ஆண்டு வழக்குக்குப் பிறகு 2024இல் ஒன்றிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. சுமார் 1,300 கோடி யூரோவை, வேண்டாம் என்று மறுத்த அயர்லாந்து அரசே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் இப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. 2017இல் அமேசான் தன் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது வட அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும் 238 விண்ணப்பங்களை அனுப்பின. வரிச்சலுகையில் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்தன. ஐரோப்பாவில் ஒரு நாடு அப்படி ஏலம் எடுக்க நினைத்தால் முதலில் ஆணையத்தின் போட்டித் துறையின் மேசைக்குப் போக வேண்டும். தொழிற்கொள்கையின் முக்கியமான கருவிகள் பணமும் இணைப்பும்தான். இரண்டும் அங்கே போட்டித் துறையின் வாசலைத் தாண்டியே போகின்றன. அதனால்தான் அந்தத் துறையைப் பற்றி இவ்வளவு பேச்சு.

நிலக்கரியும் உருக்கும்

இந்த அதிகாரம் எப்படி வந்தது என்பதற்கு இரண்டாம் உலகப் போர் வரை போக வேண்டும். போருக்கு முன் ஜெர்மனியின் ரூர் பகுதியில் நிலக்கரியும் உருக்கும் சில பெரிய கூட்டணிகளின் பிடியில் இருந்தன. விலை, உற்பத்தி, யாருக்கு எந்தச் சந்தை என்பதையெல்லாம் அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள். அந்தத் தொழில் பலம் ஆயுத உற்பத்திக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதை எல்லோரும் பார்த்தார்கள். ஆகவே 1951இல் ஆறு நாடுகள் பாரிஸில் நிலக்கரி உருக்குச் சமூகத்தை உருவாக்கியபோது, விலைக் கூட்டணிக்குத் தடை, இணைப்புக்கு முன் அனுமதி என்ற இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். மலிவான உருக்கு மட்டுமே நோக்கம் இல்லை, மறுபடி போர் வரக் கூடாது என்ற பயமும் அந்த வரிகளில் இருக்கிறது.

1957இல் ரோம் ஒப்பந்தம் இதை எல்லாத் தொழில்களுக்கும் விரித்தது, அரசு உதவிக் கட்டுப்பாட்டையும் சேர்த்தது. அதன் தர்க்கம் எளிது. நாடுகளுக்கு இடையே சுங்க வரியை எடுத்துவிட்டுப் பொதுச் சந்தை அமைக்கிறார்கள். ஒவ்வொரு அரசும் தன் கம்பெனிக்கு மட்டும் பணம் கொடுத்துத் தாங்க ஆரம்பித்தால், எடுத்த சுவர் வேறு வடிவில் திரும்ப எழும்பிவிடும்.

ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வால்ட்டர் ஆய்க்கன், ஃபிரான்ஸ் போம் போன்றவர்கள் வளர்த்த ஒரு சிந்தனைப் பள்ளி இருந்தது. தனியார் கையில் குவியும் பொருளாதார பலமும் சுதந்திரத்துக்கு ஆபத்து, அதைச் சட்டத்தால் கட்டிப்போட வேண்டும் என்பது அவர்கள் வாதம். பிரான்ஸின் வழி வேறு. அங்கே அரசு திட்டம் போடும், தொழிலை முன்னின்று நடத்தும். இரண்டும் எதிரெதிர் என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் பிரான்ஸின் திட்டக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ழான் மோனே, நிலக்கரி உருக்குச் சமூகத்தின் உயர் ஆணையத்துக்கும் முதல் தலைவர். கூட்டணிகளை உடைக்கும் விதிகளைக் காக்கும் வேலை அவரிடம்தான் வந்தது. திட்டமிடலும் போட்டியும் ஒரே மனிதரின் வேலையாக இருந்த காலம் அது. இதை மறந்துவிட்டுத்தான் பலரும் பாரிஸ், பெர்லின் சண்டை என்று சுருக்கிவிடுகிறார்கள்.

ஒப்பந்தத்தில் தொழிற்கொள்கைக்கும் இடம் உண்டு. 1992இல் மாஸ்ட்ரிக்டில் கையெழுத்தான ஒப்பந்தம் தொழில்களின் போட்டித்திறனை வளர்ப்பது பற்றி ஒரு பிரிவைச் சேர்த்தது. இன்று அது 173ஆம் பிரிவு. அதில் ஒரு வாசகம்: போட்டியைச் சிதைக்கக்கூடிய எந்த நடவடிக்கைக்கும் இந்தப் பிரிவை அடிப்படையாகக் கொள்ளக் கூடாது. ஆக, தொழிற்கொள்கையை அனுமதித்த கையோடு அதற்குக் கடிவாளமும் போட்டிருக்கிறார்கள்.

யூரோஸ்டார் வாங்கிய ரயில்

இப்போது ரயிலுக்கு வருவோம். லண்டனையும் பாரிஸையும் கடலடிச் சுரங்கம் வழியாக இணைக்கும் யூரோஸ்டார், 2010இல் புது ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்தது. அதன் பெரும்பான்மைப் பங்கு பிரெஞ்சு ரயில்வேயிடம் இருந்தது. பழைய ரயில்கள் ஆல்ஸ்டம் குடும்பத்தைச் சேர்ந்தவை. எல்லோரும் ஆல்ஸ்டமுக்குத்தான் போகும் என்று நினைத்திருக்க, யூரோஸ்டார் சீமென்ஸிடம் 10 ரயில்கள் வாங்கியது. பாரிஸில் கொந்தளிப்பு. சுரங்கத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த ரயில் பொருந்தாது என்று பிரெஞ்சுத் தரப்பு வாதாடியது. ஆல்ஸ்டம் லண்டன் நீதிமன்றத்துக்குப் போய் ஒப்பந்தத்தைத் தடுக்கப் பார்த்தது, முடியவில்லை. 2015இல் சீமென்ஸ் ரயில்கள் ஓடத் தொடங்கின. பின்னர் 2025இல் யூரோஸ்டார் இரட்டை அடுக்கு ரயில்களுக்கு ஆல்ஸ்டமிடமே திரும்பி வந்தது.

வாங்குபவருக்குப் போட்டி என்ன தருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலை வாங்க நினைக்கும் ஐரோப்பிய ரயில்வேக்கு இருக்கும் முக்கியமான தேர்வுகளே இந்த இரண்டும்தான். இவை ஒன்றானால், விலை பேசும்போது பக்கத்துக் கடையைக் காட்ட முடியாது.

அதன் பலன் பயணிக்கும் வந்து சேரும். ஸ்பெயினில் 2021இலிருந்து அரசு ரயில் நிறுவனமான ரென்ஃபேயோடு உய்கோ என்ற ரயில் நிறுவனமும், 2022 இறுதியிலிருந்து இரியோவும் மாட்ரிட், பார்சிலோனா தடத்தில் போட்டி போடுகின்றன. டிக்கெட் விலை கணிசமாக இறங்கியது. உய்கோ ஓட்டுவது ஆல்ஸ்டம் ரயில்கள், இரியோ ஓட்டுவது ஹிட்டாச்சியும் பம்பார்டியரும் சேர்ந்து கட்டியவை. புதிதாக ஒரு ரயில் கம்பெனி தொடங்க நினைப்பவருக்கு நியாய விலையில் ரயில் கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

ஆணையத்தின் ஆய்வு இரண்டு இடங்களில் நின்றது. ஒன்று அதிவேக ரயில். இன்னொன்று சிக்னல், அதாவது ரயில்கள் மோதாமல் காக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள். கவலையைத் தீர்க்க இரு நிறுவனங்களும் சிலவற்றை விற்கத் தயார் என்றன. ஆனால் அவை தந்த பட்டியலைப் பார்த்தால் சிக்கல் தெரியும். அதிவேக ரயிலுக்குப் பதிலாக பெண்டோலினோ ரயிலைக் கொடுக்கிறோம் என்றார்கள். அது அந்த வேகத்தில் ஓடக்கூடியதே அல்ல. இல்லையென்றால் சீமென்ஸின் வெலாரோ நோவோ தொழில்நுட்பத்துக்கு உரிமம் தருகிறோம் என்றார்கள். நிபந்தனைகள் அத்தனை இறுக்கம், வாங்குபவர் அதை வைத்துப் போட்டி ரயில் கட்ட முன்வரமாட்டார். சிக்னல் பக்கத்தில் இரு கம்பெனிகளிலிருந்தும் ஆங்காங்கே பிய்த்தெடுத்த துண்டுகளைத் தந்தார்கள், தனியாக நின்று நடக்கக்கூடிய தொழிலாக அது இல்லை. ஜெர்மனியின் சொந்தப் போட்டி அமைப்பே இந்த இணைப்பைப் பற்றிக் கவலை தெரிவித்திருந்தது. போட்டித் துறைக்குப் பொறுப்பான ஆணையர் மார்கரெத்தே வெஸ்டேயர் மறுத்ததில் எனக்கு வியப்பே இல்லை. அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

எதிர்வாதம் ஒரே சொல்லில் இருந்தது: சீனா. 2015இல் சீன அரசு தன் இரண்டு ரயில் நிறுவனங்களைச் சேர்த்து சிஆர்ஆர்சி என்ற ஒன்றாக்கியது. உலகிலேயே மிகப் பெரிய ரயில் உற்பத்தியாளர் அதுதான். அதோடு மோத ஐரோப்பாவுக்கும் ஒரு பெரிய நிறுவனம் வேண்டாமா என்று பிரெஞ்சு நிதியமைச்சர் புருனோ லெ மேரும் ஜெர்மன் பொருளாதார அமைச்சர் பீட்டர் ஆல்ட்மையரும் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அப்போது சிஆர்ஆர்சி சீனாவுக்கு வெளியே ஒரு அதிவேக ரயிலைக்கூட ஒப்படைத்திருக்கவில்லை, ஐரோப்பாவுக்குள் அது அண்மையில் வரும் அறிகுறியும் இல்லை என்று ஆணையம் கண்டது. நாளைக்கு வரலாம் என்ற ஒரு போட்டியாளரைக் காட்டி, இன்றிருக்கும் போட்டியை அழித்துவிட முடியாது.

முடிவு வந்து இரண்டு வாரத்துக்குள் இரு நாடுகளும் கூட்டாக ஒரு தொழிற்கொள்கை அறிக்கை வெளியிட்டன. ஆணையம் மறுத்த இணைப்பை, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் சேர்ந்து மேல்முறையீட்டில் அனுமதிக்கும் வழி வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. ஜெர்மனிக்குள் அப்படி ஒரு வழி உண்டு. பொதுநலன் கருதி அமைச்சர் இணைப்பை அனுமதிக்கலாம். 2002இல் எரிசக்தி நிறுவனங்களான இ.ஆனும் ரூர்காஸும் அப்படித்தான் சேர்ந்தன. ஒன்றிய அளவில் அது இன்றுவரை வரவில்லை, வராததே நல்லது. 27 நாட்டு அமைச்சர்கள் கூடி முடிவெடுத்தால் வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்றாகிவிடும். பெரிய நாட்டின் கம்பெனிகள் சேரும், அந்த ரயிலைக் கூடுதல் விலைக்கு வாங்குவது சின்ன நாட்டின் ரயில்வேயாக இருக்கும்.

அப்புறம் என்ன ஆயிற்று? ஆல்ஸ்டம் கனடாவின் பம்பார்டியரிடமிருந்து ரயில் பிரிவை வாங்கியது. 2020 ஜூலையில் ஆணையம் அதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. அல்சாஸில் உள்ள ரைஷோஃபன் தொழிற்சாலை உட்படச் சிலவற்றை ஆல்ஸ்டம் விற்க வேண்டியிருந்தது; அந்தத் தொழிற்சாலை ஸ்பெயினின் சிஏஎஃப் நிறுவனத்துக்குப் போனது. ஆக, பெரிதாவதற்கு பிரஸ்ஸல்ஸ் எதிரி இல்லை. 1990இலிருந்து ஆயிரக்கணக்கான இணைப்புகள் அங்கே வந்துபோயிருக்கின்றன, முற்றாகத் தடுக்கப்பட்டவை முப்பதைச் சுற்றித்தான். தடுக்கும்போதுதான் சத்தம் எழுகிறது. முதல் தடையிலேயே அப்படி: 1991இல் பிரெஞ்சு, இத்தாலிய நிறுவனங்கள் சேர்ந்து கனடாவின் டி ஹாவிலண்ட் விமான நிறுவனத்தை வாங்க வந்தபோது ஆணையம் மறுத்தது. அன்றும் இதே கோபம், இதே வாதம்.

பணம் என்னும் பெரிய சிக்கல்

இணைப்புகளைப் பற்றித்தான் செய்தி அதிகம் வருகிறது. ஆனால் இன்றைய உண்மையான சிக்கல் அரசு உதவியில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இங்கும் ஆல்ஸ்டமிலிருந்தே தொடங்கலாம். 2003இல் அந்த நிறுவனம் திவாலாகும் நிலைக்கு வந்தது. பிரெஞ்சு அரசு பணம் போட்டுப் பங்கு வாங்கிக் காப்பாற்றப் பார்த்தது. பிரஸ்ஸல்ஸ் குறுக்கே வந்தது. நீண்ட பேரத்துக்குப் பின் 2004 ஜூலையில் ஆணையம் அனுமதித்தது, சும்மா இல்லை. சில தொழில்களை விற்க வேண்டும், கூட்டாளிகளைச் சேர்க்க வேண்டும், அரசு குறிப்பிட்ட காலத்துக்குள் வெளியேற வேண்டும். அரசு 72 கோடி யூரோவுக்கு எடுத்த சுமார் 21 சதவீதப் பங்கை 2006இல் பூய்க் நிறுவனம் ஏறத்தாழ 200 கோடி யூரோவுக்கு வாங்கியது. கம்பெனியும் பிழைத்தது, மக்கள் பணமும் லாபத்தோடு திரும்பியது. பிரஸ்ஸல்ஸ் வைத்த கெடு அதற்கு உதவியது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அந்தப் பேரத்தை நடத்திய நிதியமைச்சர் நிகோலா சர்கோஸி. அவரே 2007இல் அதிபரானதும், ஒன்றியத்தின் குறிக்கோள் பட்டியலில் இடம்பெறவிருந்த 'சிதைக்கப்படாத போட்டி' என்ற தொடரை எடுக்கவைத்தார். அது ஒப்பந்தத்தோடு இணைந்த 27ஆம் நெறிமுறைக்குள் போய் உட்கார்ந்தது. சட்டத்தின் பலம் குறையவில்லை, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு நல்ல வாசலும் இருக்கிறது. ஐரோப்பா முழுவதற்கும் முக்கியமான, பல நாடுகள் சேர்ந்து செய்யும் திட்டத்துக்கு அரசு உதவி தரலாம். சந்தை தானாகச் செய்யாத புதுமையாக இருக்க வேண்டும், கண்டறிந்ததை மற்றவர்களோடு பகிர வேண்டும், எதிர்பார்த்ததைவிட லாபம் வந்தால் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டும். 2018இல் நுண்மின்னணுவியலுக்கும், 2019இல் பேட்டரிக்கும் இந்த வாசல் வழியாகப் பணம் போனது. பேட்டரித் திட்டத்தில் ஏழு நாடுகள், 320 கோடி யூரோ வரை. போட்டிச் சட்டம் தொழிற்கொள்கைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தது இங்கேதான், தடுத்து நிறுத்தியதாகச் சொல்லவே முடியாது.

பிறகு நெருக்கடிகள் வந்தன. 2020இல் கொரோனா, 2022இல் உக்ரைன் போரும் எரிவாயு விலையும். இரண்டு முறையும் ஆணையம் அரசு உதவி விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. கம்பெனிகள் ஒரே நேரத்தில் விழும்போது வேறு வழியில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தளர்த்தியதும் யார் அதிகம் கொடுத்தார்கள் என்று பாருங்கள். போர் நெருக்கடிக்காக 2023 தொடக்கம் வரை அனுமதித்த உதவி சுமார் 67,200 கோடி யூரோ என்று ஆணையமே கணக்குக் காட்டியது. அதில் 53 சதவீதம் ஜெர்மனி கேட்டது, 24 சதவீதம் பிரான்ஸ். மீதி 25 நாடுகளுக்கு மிச்சமிருந்தது கால் பங்கை விடக் குறைவு. அனுமதித்ததெல்லாம் செலவானதில்லை, உண்மைதான். இருந்தாலும் பெட்டியில் பணம் இருக்கும் நாட்டின் கம்பெனிக்கு முதுகெலும்பு, மற்ற நாட்டுக் கம்பெனிக்கு ஆறுதல் வார்த்தை என்ற நிலை பொதுச் சந்தையையே அரிக்கும்.

2022 ஆகஸ்டில் அமெரிக்கா தன் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தின் வழியாகப் பசுமைத் தொழில்களுக்குப் பெரும் வரிச்சலுகை அறிவித்தது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய விதிகளில் புதிதாக ஒன்று நுழைந்தது: வெளிநாடு ஒரு கம்பெனிக்கு எவ்வளவு தருவதாகச் சொல்கிறதோ அதற்கு ஈடான தொகையை உறுப்பு நாடும் கொடுக்கலாம். இதில் முதலில் பயன்பெற்றது ஸ்வீடனின் பேட்டரி நிறுவனம் நார்த்வோல்ட். வடக்கு ஜெர்மனியின் ஹைடே ஊரில் தொழிற்சாலை கட்ட 90.2 கோடி யூரோ உதவியை 2024 ஜனவரியில் ஆணையம் அனுமதித்தது. அமெரிக்காவுக்குப் போய்விடாமல் இருக்கக் கொடுத்த விலை அது. 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் ஸ்வீடனில் திவால் மனு கொடுத்தது. ஒரு தோல்வியை வைத்துத் தொழிற்கொள்கையே தவறு என்று சொல்ல மாட்டேன், பேட்டரி கட்டக் கற்றுக்கொள்வது உண்மையிலேயே கடினம். ஆனால் ஒரு கம்பெனி இன்னொரு நாட்டின் சலுகைக் கடிதத்தைக் காட்டித் தொகையை நிர்ணயிக்கும் முறையில், அந்தத் தொழிற்சாலை தேறுமா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. 2004இல் ஆல்ஸ்டமுக்குப் போட்ட நிபந்தனைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

ஒரு ஓட்டை நெடுநாள் திறந்தே இருந்தது. உறுப்பு நாடுகள் கொடுக்கும் மானியத்துக்குக் கட்டுப்பாடு உண்டு, வெளிநாட்டு அரசுகள் தங்கள் கம்பெனிக்குக் கொடுக்கும் மானியத்துக்கு இல்லை. சீன மானியத்தோடு வரும் நிறுவனம் ஐரோப்பிய டெண்டரில் குறைந்த விலை போட்டால் கேட்க ஆளில்லை. இதை அடைக்க வந்ததுதான் வெளிநாட்டு மானியங்கள் பற்றிய சட்டம், 2023 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன் கீழ் முதல் ஆழ்ந்த விசாரணை 2024 பிப்ரவரியில் தொடங்கியது. பல்கேரியா 20 மின்சார ரயில்கள் வாங்க விட்டிருந்த, சுமார் 61 கோடி யூரோ மதிப்புள்ள டெண்டர் அது. விசாரிக்கப்பட்டது சிஆர்ஆர்சியின் துணை நிறுவனம். அடுத்த மாதமே அது டெண்டரிலிருந்து விலகிக்கொண்டது. சீனப் போட்டியைச் சமாளிக்க ஐரோப்பிய ரயில் கம்பெனிகள் இணைந்தே தீர வேண்டும் என்று 2019இல் சொன்னவர்களுக்கு, இணைப்பு இல்லாமலே ஒரு பதில் கிடைத்தது. நியாயமற்ற மானியம்தான் சிக்கல் என்றால் அந்த மானியத்தைத்தான் கையாள வேண்டும்.

அடுத்த சோதனை

2024 செப்டம்பரில் இத்தாலியின் முன்னாள் பிரதமரும் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவருமான மரியோ டிராகி ஐரோப்பாவின் போட்டித்திறன் பற்றி ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். ஆண்டுக்கு 75,000 முதல் 80,000 கோடி யூரோ வரை கூடுதல் முதலீடு தேவை என்று கணக்குப் போட்டார். போட்டிக் கொள்கையில், இணைப்புகளை ஆராயும்போது நாளைய புதுமைக்கும் எடை கொடுக்க வேண்டும், தொலைத்தொடர்பு போன்ற துறைகளில் நாட்டுக்கு நாடு துண்டுபட்டுக் கிடக்கும் நிறுவனங்கள் பெரிதாக வழிவிட வேண்டும் என்றார். அதே அறிக்கை உறுப்பு நாடுகளின் தனித்தனி மானியங்களைக் குறைத்து, ஐரோப்பிய அளவில் சேர்ந்து செலவழிக்கச் சொல்கிறது. முதல் பாதியை எல்லா அமைச்சர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். இரண்டாம் பாதியைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை, ஏனென்றால் அதற்குப் பொதுப் பெட்டியில் பணம் போட வேண்டும். ஒன்றியத்தின் பட்ஜெட் மொத்த வருமானத்தில் சுமார் 1 சதவீதம்தான்.

வெஸ்டேயருக்குப் பின் போட்டித் துறையை ஏற்ற தெரேசா ரிபேராவிடம், பழைய விதிகளைப் புதுப்பிக்கும் பொறுப்பும் கொடுக்கப்பட்டது. இணைப்புகளை மதிப்பிடும் வழிகாட்டுதல்களைத் திருத்துவதற்காக 2025இல் ஆணையம் பொதுக் கருத்துக் கேட்கத் தொடங்கியது.

அந்தத் திருத்தத்தின் உரைகல்லாக ஒரு வழக்கு வருகிறது. ஏர்பஸ், பிரான்ஸின் தாலெஸ், இத்தாலியின் லியோனார்டோ மூன்றும் தங்கள் செயற்கைக்கோள் தொழிலை ஒன்றாக்கப் போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தன. காரணம் அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ். பார்த்தால் சீமென்ஸ், ஆல்ஸ்டம் கதைபோலவே இருக்கும். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சிஆர்ஆர்சி வரலாம் என்ற பயம்தான் அன்று இருந்தது. ஸ்பேஸ்எக்ஸின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் ஏற்கெனவே ஐரோப்பிய வீடுகளில் இணைய இணைப்பு விற்றுக்கொண்டிருக்கிறது, ஐரோப்பிய நிறுவனங்கள் கட்டும் தொலைத்தொடர்புச் செயற்கைக்கோளுக்கான தேவையை நேரடியாகவே தின்கிறது. அந்தச் சந்தையில் இணைப்புக்கு ஆதரவான வாதம் வலுவானது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் அரசுகளும் ஆராய்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் வாங்கும் செயற்கைக்கோள்கள் வேறு சந்தை. அங்கே ஸ்பேஸ்எக்ஸுக்கு அவ்வளவு இடமில்லை. டெண்டரில் மோதிக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டணிக்குள் வருபவர்களும், வெளியே நிற்கும் ஜெர்மனியின் ஓஹெச்பியும்தான். முதல் சந்தைக்கு அனுமதியும் இரண்டாவதற்குக் கறாரான நிபந்தனையும் கொடுத்தால், பழைய சோதனையே புதிய காலத்துக்கும் போதும் என்று ஆகும். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ஐரோப்பிய இறையாண்மை என்று முத்திரை குத்தி அனுமதித்துவிட்டால், அடுத்து வரிசையில் நிற்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் அதே முத்திரையைத்தான் கேட்கும்.